யார் கூற்று? – டோனா சம்மரின் பாட்டும் பழியும்



பத்தாம் ஆண்டு விழாவில் உரையாற்ற வேண்டும் என்று அழைத்தபோது, தலைப்பைத் தெரிவு செய்யும் உரிமையையும் வட்டத்தார் எனக்கே வழங்கினர். டிஸ்கோ பாடகி ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னதும் செயலாளர் அவர்கள் சற்றே தயங்கினார்கள். அத்தயக்கத்தில் நியாயம் உண்டு. டிஸ்கோ என்னும் சொல், வண்ண விளக்குகள் சுழல ஆடப்பெறும் திரைப்பட ஆட்டம் ஒன்றின் பெயராகவே நம்மில் பலருக்கு அறிமுகமானது. கவிஞர்கள் கூடும் அவையில் அதற்கு என்ன இடம் என்ற வினா எழுவது இயல்பே.

ஆயினும் நான் பேசவிருப்பது ஆட்டத்தைப் பற்றியதன்று. கவிதை படிப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் ஒரு வினாவைப் பற்றியது. ஒரு பாட்டில் 'நான்' என்று பேசுபவர் யார்? அகப்பாடல்களைப் பயிலும் நமக்கு இவ்வினா புதிதன்று. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பகுத்து, பாடிய புலவரையும் பாட்டில் பேசுபவரையும் வேறுபடுத்தி வைத்த மரபு நம்முடையது. அகத்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்று விதித்ததும் அம்மரபே. இவ்வேறுபாட்டை அறியாத உலகில் ஒரு பாடகி என்ன பாடுபட்டார் என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் டோனா சம்மர்.

கோயில் குரல்

அவர் 1948ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இயற்பெயர் லாடோனா ஏட்ரியன் கெய்ன்ஸ். பெற்றோருக்கு மக்கள் எழுவர். தந்தை இறைச்சி வெட்டும் தொழிலாளி. தாய் பள்ளி ஆசிரியை. பத்து வயதளவில், தேவாலயத்தில் பாட வேண்டியவர் வராது போகவே, அவருக்கு மாற்றாக இச்சிறுமி பாடினாள். அவள் குரலின் ஆற்றலை அன்றுதான் அவையோர் அறிந்தனர், அவளும் அறிந்தாள்.

1967ஆம் ஆண்டில், பள்ளிப்படிப்பு முடியச் சில வாரங்களே இருந்த நிலையில், பாடகியாக வேண்டுமென்று நியூயார்க் சென்றார். 'ஹேர்' என்னும் இசை நாடகத்திற்கான தேர்வில் கலந்துகொண்டார். அதன் ஜெர்மன் அரங்கேற்றத்தில் வாய்ப்புக் கிட்டவே, 1968இல் மியூனிக் நகரம் சென்றார். ஜெர்மன் மொழியைக் கற்றுச் சரளமாகப் பேசினார்; அம்மொழியிலேயே மேடையில் பாடி நடித்தார்; வியன்னா நகர அரங்குகளிலும் தோன்றினார். ஹெல்முத் சோமர் என்னும் ஆஸ்திரிய நடிகரை மணந்து ஒரு பெண் மகவையும் பெற்றார். அம்மணம் நிலைக்கவில்லை. கணவரின் குடும்பப் பெயர் மட்டும், கோடை என்னும் அதே பொருளுடைய ஆங்கிலச் சொல்லாகி, 'சம்மர்' என்று அவர் பெயரோடு தங்கிவிட்டது.

இங்கு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இவர் நாடக மேடையில் உருவானவர். வேறொருவரின் சொல்லை, வேறொருவரின் மனநிலையில் நின்று சொல்லும் பயிற்சியை ஏறத்தாழ ஏழாண்டுகள் அயல்மொழியிலும் பெற்றவர். பின்னர் அவர் பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் இப்பயிற்சி அடித்தளமாய் அமைந்தது.

முதற்பாட்டும் முதற்பழியும்

மியூனிக்கில் இத்தாலியரான ஜார்ஜோ மொரோடர், ஆங்கிலேயரான பீட் பெலோட் என்னும் இசைத் தயாரிப்பாளர் இருவரும் அவருக்கு அறிமுகமாயினர். 1975ஆம் ஆண்டில் உருவான 'லவ் டு லவ் யூ பேபி' என்னும் பாடலே அவரை உலகறியச் செய்தது. அப்பாடலுக்கான கருத்தைத் தந்தவர் டோனாவே. எனினும் தாம் பாடியது வேறொரு பாடகிக்கு வழங்குவதற்கான மாதிரிப் பதிவு என்றே அவர் எண்ணியிருந்தார். காதல் மயக்கத்தில் பெண்ணொருத்தி எழுப்பும் முனகல்கள் அப்பாடலில் நிறைந்திருந்தன. அவற்றைப் பாட அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தின் விளக்குகளைக் குறைக்கச் செய்து, தரையில் படுத்தவாறு, மர்லின் மன்றோ இதைப் பாடினால் எப்படிப் பாடியிருப்பார் என்று கற்பனை செய்துகொண்டு பாடியதாகப் பின்னாளில் அவரே கூறினார்.

நடிகை ஒருத்தியின் குரலைக் கற்பனையால் மேற்கொண்டு பாடப்பட்ட பாட்டு அது. நம் மரபில் வைத்துச் சொன்னால், தலைவி கூற்று. அமெரிக்காவில் அதனை வெளியிட்ட காசாபிளாங்கா நிறுவனத்தின் தலைவர் நீல் போகார்ட், தம் இல்ல விருந்தில் அதனை ஒலிக்கச் செய்தபோது விருந்தினர் மீண்டும் மீண்டும் கேட்க விரும்பியதைக் கண்டு, நீண்ட வடிவம் வேண்டுமென்றார். ஏறத்தாழ 17 நிமிடங்களாக விரிந்த அப்பாடல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்தது. 1976இன் தொடக்கத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது.

புகழோடு பழியும் வந்தது. பிரித்தானிய வானொலி அதனை ஒலிபரப்பத் தயங்கியது. அமெரிக்க வார இதழொன்று பாடலில் உள்ள முனகல்களை எண்ணிக் கணக்குச் சொன்னது. நிறுவனமோ அவரைக் காமத்தின் அரசியாகவே விளம்பரம் செய்தது. தேவாலயத்தில் பாடி வளர்ந்த ஒரு பெண், தாம் மேற்கொண்ட பாத்திரத்தின் உள்ளே பூட்டப்பட்டார். அந்நாளில் தம்மை வாட்டிய மனச்சோர்வு தற்கொலையின் விளிம்பு வரை இட்டுச் சென்றதை, 2003இல் வெளியான 'ஆர்டினரி கேர்ள்' என்னும் தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். 'சாதாரணப் பெண்' என்று தம் நூலுக்குப் பெயரிட வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதை நாம் எளிதில் உணரலாம்.

ஈண்டு கானல்வரி நினைவுக்கு வருகிறது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடினான். அவன் உள்ளத்தில் வேறொருத்தி உண்டு என்று மாதவி கொண்டாள். தானும் ஒரு குறிப்பு வைத்துப் பாடினாள். அவன் அப்பாட்டையே அவள் உள்ளம் என்று கொண்டு பிரிந்தான். இருவரும் பாட்டை வாக்குமூலமாகக் கேட்டனர். எனினும் பழி யார் மீது நின்றது? மாதவி மீதே நின்றது. பாடுவது தொழிலாக உடைய பெண்ணுக்குப் பாட்டே சாட்சியாகிவிடுகிறது.

இயந்திரத்தின் நடுவே ஒரு குரல்

1977இல் வெளியான 'ஐ ஃபீல் லவ்' என்னும் பாடல் இசை வரலாற்றில் ஒரு திருப்பம். ஒவ்வொரு பாடலும் வெவ்வேறு காலத்தின் இசையை நினைவூட்டுமாறு அமைந்த 'ஐ ரிமெம்பர் எஸ்டர்டே' என்னும் தொகுப்பில், எதிர்காலத்தைக் குறிக்கும் பாடலாக இதனை அமைத்தனர். மியூனிக்கில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், வாத்தியக் குழுவுக்குப் பதிலாக மூக் என்னும் சிந்தசைசர் கருவி ஏறத்தாழ முழு இசையையும் வழங்கியது. அக்கருவியின் சுருதி சிறு நேரத்திற்குள் கலைந்துவிடும். ஆதலின் சிறிது சிறிதாகப் பதிவு செய்து, சுருதி சேர்த்து, மீண்டும் பதிவு செய்தனர். கீழ்த்தாயி ஒலியை ஒரு காதுக்கும், அதனையே ஓர் இமைப்பொழுது தாழ்த்தி மறு காதுக்கும் தந்தபோது, இடையறாது துடிக்கும் ஓட்டம் ஒன்று பிறந்தது. முரசின் அதிர்வு மட்டும் அக்கருவியில் போதிய வலிவுடன் எழவில்லை. கீத் ஃபோர்சி என்னும் கலைஞர் அதனைக் காலால் மிதித்து வாசித்தார்.

இவ்வியந்திர ஓட்டத்தின் மேல் டோனா பாடிய சொற்கள் மிகச் சில. அடுக்கி வரும் சில சிறு தொடர்களே பாட்டு முழுவதும். தேவாலயத்தில் ஓங்கி ஒலித்த கனத்த குரலை அடக்கி, மெல்லிய மேற்குரலில் மிதப்பது போல் பாடினார். சொற்சுருக்கம் என்பதைக் கவிதைக்கு மட்டுமே உரியதாக எண்ணுவோர் இப்பாடலைக் கேட்க வேண்டும். சொல் குறையக் குறையக் குரலின் பொறுப்பு கூடுகிறது. இயந்திரம் சற்றும் பிசகாது ஓடுகிறது. குரலோ மூச்சு வாங்குகிறது, தயங்குகிறது, எழுகிறது. அவ்வேறுபாடே அப்பாட்டின் உணர்ச்சி. பிரிட்டனில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் நின்ற இப்பாடலை, இனி வரும் காலத்தின் ஒலி இதுவே என்று இசையமைப்பாளர் பிரையன் ஈனோ தம் நண்பர் டேவிட் போவியிடம் வியந்துரைத்ததை இசை வரலாற்றாசிரியர்கள் தவறாது குறிப்பிடுகின்றனர். பின்னர் எழுந்த மின்னணு நடன இசை அவர் கணிப்பை மெய்ப்பித்தது.

தொடர்ந்து வந்தவை வெற்றி ஆண்டுகள். 1978இல் 'லாஸ்ட் டான்ஸ்' மெதுவாகத் தொடங்கி விரைவு நடையில் விரிந்தது; அதனை இயற்றிய பால் ஜபாராவுக்கு ஆஸ்கர் விருதையும், பாடிய டோனாவுக்குக் கிராமி விருதையும் பெற்றுத்தந்தது. 1978, 1979ஆம் ஆண்டுகளில் வெளியான அவருடைய இரட்டை இசைத்தட்டுத் தொகுப்புகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றன. 'ஹாட் ஸ்டஃப்' என்னும் பாடலுக்கு, ராக் இசைப் பாடகியருக்கென முதன்முறையாக நிறுவப்பட்ட கிராமி விருது கிடைத்தது. டிஸ்கோவின் அரசி என்று அழைக்கப்பட்டவர் ராக் இசைக்கான விருதைப் பெற்றதிலிருந்து, பட்டங்கள் எவ்வளவு குறுகியவை என்பது விளங்கும்.

எரிக்கப்பட்ட இசைத்தட்டுகள்

டிஸ்கோ இசை முதலில் வளர்ந்தது கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வழியினரும், தன்பாலீர்ப்பினரும் கூடிய நகர்ப்புற நடன அரங்குகளில். பகலில் மதிப்புக் கிடைக்காதவர்கள் இரவில் அச்சமின்றி ஆடிய இடங்கள் அவை. அவ்விசை செல்வாக்குப் பெற்றபோது அதன் மீது வெறுப்பும் வளர்ந்தது. வெறும் வணிகச் சரக்கு என்றும் உயிரற்ற இயந்திர இசை என்றும் திறனாய்வாளர் பலர் ஒதுக்கினர்.

1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், சிகாகோ நகரின் கொமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில், பேஸ்பால் ஆட்டங்கள் இரண்டிற்கு இடைப்பட்ட நேரத்தில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் ஏற்பாட்டில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. இசைத்தட்டொன்றைக் கொண்டுவருவோருக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் திரண்டனர். கூட்டம் திடலுக்குள் புகுந்ததால் இரண்டாம் ஆட்டமே கைவிடப்பட்டது. கொண்டுவரப்பட்டவற்றுள் டிஸ்கோவுக்குத் தொடர்பே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளும் இருந்ததை, அன்று அங்குப் பணியாற்றிய கறுப்பின இளைஞர் ஒருவர் பின்னாளில் எடுத்துரைத்தார். வெறுப்பு எங்கு நோக்கியது என்பதற்கு இதுவே போதிய சான்று.

அதே வாரத்தில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திற்கு வந்த பாடல் டோனாவின் 'பேட் கேர்ள்ஸ்'. அது பிறந்த கதை நம் பொருளுக்கு இன்றியமையாதது. இசை நிறுவனத்தில் பணியாற்றிய பெண் ஒருவரைத் தெருவில் கண்ட காவலர், அவரை உடலை விற்பவர் என்று தவறாகக் கருதி அவமதித்தார். அந்நிகழ்ச்சியே டோனாவைத் தூண்டியது. அவர் அவமதிக்கப்பட்ட பெண்ணுக்காகப் பரிந்து பேசியதோடு நிற்கவில்லை; உண்மையிலேயே தெருவில் நிற்கும் பெண்களையும் நினைத்தார். அவர்களுக்கும் நமக்கும் அப்படி என்ன வேற்றுமை என்னும் வினாவை ஆட்டத்துக்குரிய தாளத்தில் வைத்தார். அப்பாடலை வேறொரு புகழ்பெற்ற பாடகிக்குத் தருமாறு நிறுவனத் தலைவர் கேட்டபோது இணங்க மறுத்தார்.

1983இல் இக்கலை மேலும் தெளிவுற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் நகர உணவகம் ஒன்றில் நடந்த விருந்தின்போது, கழிவறைப் பணிப்பெண் ஒருவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்ததை டோனா கண்டார். காசுக்காக இப்பெண் எவ்வளவு பாடுபடுகிறாள் என்ற எண்ணமே பாடலாயிற்று. 'ஷி வொர்க்ஸ் ஹார்ட் ஃபார் த மனி' என்னும் அப்பாடல் இடம்பெற்ற தொகுப்பின் பின்னட்டையில், அப்பணிப்பெண்ணே டோனாவின் அருகில் நிற்கும் படம் வெளியாயிற்று. முதற்பாட்டில் கற்பனைக் காதலியின் கூற்றை மேற்கொண்டவர், உழைத்துக் களைத்த பெண்ணுக்காகப் பேசும் தோழி கூற்றை இங்கே வந்தடைந்தார்.

கூறாத சொல்லுக்கும் பழி

1979 அளவில் டோனா கிறித்தவ சமயப் பற்றில் ஆழ்ந்தார். தம்மைப் புகழேற்றிய முதற்பாட்டைப் பல்லாண்டுகள் மேடையில் பாடாது தவிர்த்தார். 1980களின் நடுப்பகுதியில், எய்ட்ஸ் நோய் தன்பாலீர்ப்பினருக்குக் கடவுள் அளித்த தண்டனை என்று அவர் கூறியதாக ஒரு செய்தி பரவியது. அவரைத் தம் குரலாகவே போற்றிய மக்கள், தம் நண்பர்களை நாள்தோறும் இழந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் உள்ளம் உடைந்தது. பலர் அவரைப் புறக்கணித்தனர். தாம் அவ்வாறு கூறவே இல்லை என்று டோனா மறுத்தார். 1989இல், எய்ட்ஸ் நோயாளிகளின் உரிமைக்காகப் போராடிய அமைப்புக்கும் கடிதம் எழுதினார். செய்தியை மீண்டும் வெளியிட்ட இதழின் மீது 1991இல் வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று.

பிறர் சொல்லைத் தம் சொல்லாகப் பாடிக் காட்டியவர், தம் சொல்லன்று என மறுத்த ஒன்றைக் காலமெல்லாம் சுமந்தார். புண்பட்டோரின் துயரத்தை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடலாகாது. மறுப்புக் கடிதம் சில ஆண்டுகள் முன்னரே வந்திருக்கலாம் என்று கருதுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் வாயில் எந்தச் சொல்லையும் வைத்துவிட முடியும் என்னும் நிலை, 1975இல் அந்த முதற்பாட்டைக் கேட்ட முறையிலேயே தொடங்கிவிட்டது என்பதே என் கருத்து.

நிலைத்தவை

டோனா சம்மர் 2012ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், ஃபுளோரிடாவில், நுரையீரல் புற்றுநோயால் தம் 63ஆம் வயதில் காலமானார். சில நாட்களுக்குள், 'ஐ ஃபீல் லவ்' அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அறிவிப்பு வந்தது. ராக் இசைக் கலைஞர்களுக்கான புகழ் மண்டபம் 2013இல்தான் அவரை ஏற்றது. 2018இல் அவர் வாழ்வு நியூயார்க் பிராட்வே அரங்கில் இசை நாடகமாயிற்று. 2023இல் ஆவணப்படமும் வந்தது. 2022இல் பியான்சே தம் தொகுப்பொன்றின் இறுதிப் பாடலை 'ஐ ஃபீல் லவ்' இசையின் மேல் கட்டி, அதற்குச் சம்மர் என்னும் பெயரையும் சூட்டினார். இசைத்தட்டுகளைத் தகர்த்த அதே சிகாகோ நகரில், கறுப்பின இளைஞர்கள் 1980களில் 'ஹவுஸ்' என்னும் புதிய நடன இசையைப் படைத்து உலகுக்குத் தந்தனர். அந்த இசையின் துடிப்பில் மியூனிக் நிலவறையின் துடிப்பு இன்றும் கேட்கிறது. ஏளனம் செய்த திறனாய்வுகளைத் தேடிப் படிப்பவர் இன்று யாருமிலர்.

அன்பர்களே, பாடியவருக்கும் பாட்டுக்கும் தொடர்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. எவருடைய கூற்றை மேற்கொள்வது என்று தெரிந்தெடுப்பதில்தான் கலைஞரின் உள்ளம் வெளிப்படுகிறது. தெருவில் நின்ற பெண்ணையும், கழிவறையில் உறங்கிய பெண்ணையும் தெரிந்தெடுத்தாரே, அங்குதான் டோனா சம்மர் இருக்கிறார். முனகலை எண்ணியவர்களுக்கு அவர் அகப்படவில்லை.

இறுதியாக நம்மைப் பற்றி ஒரு சொல். நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நின்று உருகினால் பக்தி என்கிறோம். கபிலர் தலைவியாகப் பேசினால் புலமை என்கிறோம். வெள்ளிவீதியார் தலைவி கூற்றில் பாடினால் மட்டும், அதனை அவர்தம் வாழ்க்கைக் கதையாகப் படிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தமிழில் உடலைப் பற்றி எழுதிய பெண் கவிஞர்களுக்குக் கிடைத்த வசைகளை நீங்கள் அறிவீர்கள். நம் வட்டத்திலேயே, கவிதை வாசித்து முடித்த பெண் கவிஞரிடம், இது உங்கள் அனுபவமா என்று கேட்கப்பட்டதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதே அவையில் ஆண் கவிஞரிடம் யாப்பைப் பற்றிக் கேட்டோம். உண்மையைச் சொல்வதானால், அவ்வாறு கேட்டவர்களுள் நானும் ஒருத்தி.

கூற்று என்னும் கோட்பாட்டை உலகுக்கு வழங்கத்தக்க மொழியில் பிறந்தும், அதனைத் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தில், எந்தக் கவிதையைக் கேட்டாலும் முதலில் இது யார் கூற்று என்று கேட்போம். பாடியவரின் வாழ்வை அவரே சொல்ல விரும்பும் நாள் வரை அவருக்கே விட்டுவைப்போம்.